மாலத்தீவு ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட்: முதல் தடவை ஜோடியா வெளிநாடு போறவங்களுக்கு

மாலத்தீவுல ரிசார்ட்னா பெரும்பாலும் ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட் தான். 1972-ல குரும்பான்னு முதல் ரிசார்ட் தொறந்தாங்க, அப்புறம் வந்ததெல்லாம் கிட்டத்தட்ட அதே வழி. ஊட்டி மாதிரி ஹோட்டல் சாப்பாடு பிடிக்கலன்னா வெளிய போய் ஒரு மெஸ்ல சாப்ட்டு வரலாம், தண்ணி பாட்டில் பக்கத்து கடைல வாங்கிக்கலாம்ங்கற கதையே அங்க கிடையாது, வாசலத் தாண்டினா கடல். அதனால முதல் தடவை போறவங்களுக்கு ஆல் இன்க்ளூசிவ், அதாவது சாப்பாடு, ட்ரிங்க்ஸ் எல்லாம் ரேட்லயே சேர்ற பிளான் தான் நல்லதுன்னு நான் சொல்வேன். ஆனா பேக்கேஜுக்குள்ள என்ன இருக்கு, என்ன இல்லங்கறத காசு கட்டறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடணும், அங்க போய் இறங்கினதுக்கப்புறம் பேரம் பேச உங்க கைல ஒண்ணுமே இருக்காது.

ரூம் ரேட்டுக்கு வெளிய இருக்கற காசு

புக்கிங் சைட்ல ஒரு ரேட் பாத்து சந்தோஷப்படுவீங்க, பொறுங்க. முதல்ல போட். மாலே ஏர்போர்ட்ல இருந்து ரிசார்ட் தீவுக்கு போறதுக்கு தனி காசு, பல இடத்துல ரூம் ரேட்ல இது சேராது. பக்கத்து அடோல்னா (அடோல்னா பவளத்தீவுக் கூட்டம்) ஸ்பீட்போட், ஆளுக்கு போக வர 100, 200 டாலர் ரேஞ்ச்ல முடிஞ்சிடும். தூரமான தீவுன்னா சீப்ளேன், தண்ணி மேலயே இறங்கற குட்டி விமானம், அது ஆளுக்கு 400-ல இருந்து 600 டாலர் வரைக்கும் சாதாரணமா வரும், ரெண்டு பேருக்குன்னா ஊர்ல இருந்து மாலே போற ஃப்ளைட் டிக்கெட்ட விட இதுவே ஜாஸ்தி ஆயிடும். இன்னொரு வகை, உள்நாட்டு ஃப்ளைட் புடிச்சு இன்னொரு ஏர்போர்ட் போய் அங்கருந்து ஸ்பீட்போட்.

அப்புறம் வரி. கிரீன் டாக்ஸ்னு ரிசார்ட்ல ஆளுக்கு ஒரு நைட்டுக்கு 12 டாலர், 2025 ஜனவரில 6-ல இருந்து இப்படி ஏத்திட்டாங்க. ரெண்டு பேர் நாலு நைட்னா 96 டாலர் இதுக்கே போச்சு. பில்லுல முதல்ல சர்வீஸ் சார்ஜ் 10 பர்சன்ட் சேரும், அதுக்கு மேல டூரிசம் ஜிஎஸ்டி, 2025 ஜூலைல இருந்து 17 பர்சன்ட். மெனு கார்டுலயோ ஸ்பா லிஸ்ட்லயோ விலைக்கு பக்கத்துல ரெண்டு ப்ளஸ் குறி போட்டிருந்தா இதெல்லாம் மேல சேரும்னு அர்த்தம், 100 டாலர் மசாஜ் பில்லுல 129 டாலர் பக்கம் வந்து நிக்கும். ஏஜென்ட் கிட்ட கேக்க வேண்டிய ஒரே கேள்வி இது தான்: போட், எல்லா வரியும் சேத்து ரெண்டு பேருக்கும் மொத்தம் எவ்ளோ? அந்த நம்பர வாட்ஸ்அப்ல வாங்கிக்கோங்க, வாய்ல சொன்னா கணக்கில்ல.

நம்ம ஊர் ஏஜென்ட் மூலமா வெளிநாட்டு டூர் பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ்னு ஒரு வரி பிடிப்பாங்க. அது போனது போனது இல்ல, வருமான வரி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம் இல்லன்னா ரீஃபண்ட் வாங்கலாம். அதனால ரெண்டு பேர்ல யாரு ரிட்டர்ன் போடறாங்களோ அவங்க பான் கார்டு குடுத்து அவங்க பேர்லயே காசு கட்டுங்க.

சாப்பாட்டு பிளான்

ஹாஃப் போர்டுனா காலைல டிஃபனும் நைட் டின்னரும், மத்தியானம் உங்க பாடு. ஃபுல் போர்டுனா மூணு வேளை சாப்பாடு, ஆனா குடிக்கறது பெரும்பாலும் சேராது, நிறைய பேர் ஏமாறது இங்க தான். ஜூஸ், கூல்ட்ரிங்க்ஸ், சாப்பாட்டு டேபிள்ல வெக்கற தண்ணி பாட்டில் எல்லாத்துக்கும் தனித்தனியா பில் வரும். ஆல் இன்க்ளூசிவ்ல சாப்பாடு, ட்ரிங்க்ஸ் ரெண்டும் உண்டு, ஆனா அதுலயும் ரெண்டு மூணு ரகம் வெச்சிருப்பாங்க, கம்மி பிளான்ல ஹவுஸ் ஒயினும் சாதா பிராண்டும், மேல போக போக நல்ல பிராண்ட், ரூம் மினிபார், வேற வேற ரெஸ்டாரன்ட், ஒரு டால்ஃபின் ட்ரிப்னு சேத்துக்கிட்டே போவாங்க.

ரெண்டு பேருமே தண்ணி அடிக்காதவங்கன்னா கொஞ்சம் கணக்கு போட்டு பாருங்க. ஆல் இன்க்ளூசிவ் ரேட்ல பெரிய பங்கு சரக்குக்கு தான் போகுது. ஃபுல் போர்டுக்கும் ஆல் இன்க்ளூசிவுக்கும் ரெண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 150 டாலர் வித்தியாசம்னா அவ்ளோ காசுக்கு நீங்க ஜூஸும் காபியும் குடிக்க முடியுமான்னு யோசிங்க, முடியாது. வித்தியாசம் 50, 60 டாலர் தான்னா கண்ண மூடிட்டு ஆல் இன்க்ளூசிவ் எடுங்க, ஒவ்வொரு மோக்டெயில் ஆர்டர் பண்ணும்போதும் மனசுக்குள்ள டாலர ரூபாயா மாத்தி பாக்கற வேலை மிச்சம், அந்த நிம்மதிக்கே குடுக்கலாம்.

சாப்பாடு நமக்கு செட் ஆகுமான்னு பயப்பட வேணாம். பஃபேல பெரும்பாலும் ஒரு இந்திய கார்னர் இருக்கும், சோறு, பருப்பு, ரெண்டு கறி, நான் ரொட்டி. அங்க வேலை செய்றவங்கள்ல இந்தியாக்காரங்க, இலங்கைக்காரங்க நிறைய, கிச்சன்ல தமிழ் பேசறவங்க கூட கிடைக்கலாம், தயங்காம போய் பேசுங்க, காரம் கொஞ்சம் கூட போட்டு தனியா பண்ணி தர்ற செஃப்புங்க இருக்காங்க. சுத்த சைவம்னா புக் பண்ணும்போதே மெயில்ல எழுதிடுங்க, ஏன்னா அவங்க சமையல்ல டூனா மீன் எங்க வேணா வரும், பாக்கறதுக்கு தேங்கா துருவல் மாதிரி இருக்கறதுல கூட இருக்கும். அசைவம் சாப்பிடறவங்க காலைல மாஸ் ஹுனி கண்டிப்பா சாப்ட்டு பாருங்க, டூனா, தேங்கா, வெங்காயம், மிளகா எல்லாம் போட்டு பிசைஞ்சு ரொஷின்னு சப்பாத்தி மாதிரி ஒண்ணோட தருவாங்க. நம்ம தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மாசி கருவாடு தின்னு வளர்ந்தவங்களுக்கு அது சொந்தக்கார வீட்டு சாப்பாடு தான்.

எப்ப போறது

டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் காஞ்ச சீசன், கடல் அமைதியா இருக்கும், ரேட்டும் உச்சத்துல இருக்கும். மே டு அக்டோபர் தென்மேற்கு பருவமழை, காத்து, அலை, நடுநடுல நல்ல மழை, ஆனா ரேட் நல்லா குறையும். தை மாசம் கல்யாணம் முடிச்சுட்டு உடனே போறவங்க பீக் ரேட் தான் குடுக்கணும், வேற வழியில்ல. ஆவணில கல்யாணம் பண்றவங்களுக்கு மழை ரிஸ்க் இருக்கு, ஆனா அதே காசுக்கு ஒரு படி மேல உள்ள வில்லா கிடைக்கும். பா அடோல்ல ஹனிஃபரு பேன்னு ஒரு இடம், மான்டா ரேங்கற பெரிய திருக்கை மீன் கூட்டம் கூட்டமா வர்றது ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் தான், மீன் பாக்கற ஆசை உள்ள ஜோடிக்கு மழை சீசன் தான் சீசன். கிறிஸ்மஸ், நியூ இயர் சமயத்துல மட்டும் போகாதீங்க, காலா டின்னர்னு ஒரு கட்டாய சார்ஜ் தலைல கட்டுவாங்க.

பாஸ்போர்ட், டிக்கெட், பேரு

விசா இந்தியர்களுக்கு அங்க போய் இறங்கும்போது ஃப்ரீ. ரிட்டர்ன் டிக்கெட், ரிசார்ட் புக்கிங் பேப்பர் ரெண்டும் கைல பிரிண்டா வெச்சுக்கோங்க, நம்ம ஊர் எமிக்ரேஷன் கவுன்டர்லயே கேப்பாங்க. பாஸ்போர்ட் ஆறு மாசமாவது செல்லுபடியாகற மாதிரி இருக்கட்டும், அதுக்கு கம்மின்னா செக்-இன் கவுன்டர்லயே இழுக்கலாம். கிளம்பறதுக்கு 96 மணி நேரத்துக்குள்ள ஐமூகான்னு ஒரு ஃபார்ம் ஆன்லைன்ல ஃபில் பண்ணணும், திரும்பி வரும்போதும் ஒண்ணு, ரெண்டுமே இலவசம். கூகுள்ல தேடினா இதே ஃபார்முக்கு காசு கேக்கற டூப்ளிகேட் சைட்டெல்லாம் மேல வரும், மாலத்தீவு இமிக்ரேஷன் சைட்ல இருந்து மட்டும் உள்ள போங்க.

தமிழ்நாட்டு ஆளுங்களுக்குன்னே ஒரு தலைவலி இந்த பேரு. நம்மள்ல பல பேரு பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருக்கும், டிக்கெட் சைட்டு லாஸ்ட் நேம் இல்லாம நகராது. சில ஏர்லைன் அதே பேர ரெண்டு தடவை போட சொல்வாங்க, சில பேர் வேற மாதிரி சொல்வாங்க, நீங்களா இனிஷியல விரிச்சு அப்பா பேரோ வீட்டுக்காரர் பேரோ போட்டுடாதீங்க, அந்த ஏர்லைன் கஸ்டமர் கேர்ல கேட்டு அவங்க சொல்றபடியே போடுங்க. கல்யாணம் ஆயிடுச்சேன்னு பொண்ணு பாஸ்போர்ட்ல பேர மாத்தணும்னு அவசியமே இல்ல, பழைய பேர்லயே போலாம், டிக்கெட்லயும் பாஸ்போர்ட்லயும் ஒரே பேரா இருந்தா போதும். வீட்ல பெரியவங்க யாராவது மாத்தணும்னு சொன்னா சிரிச்சுக்கிட்டே தலையாட்டிட்டு விட்டுடுங்க. ஆனா கல்யாணம் ரெஜிஸ்டர் பண்ண சர்டிஃபிகேட் காப்பி ஒண்ணு எடுத்துட்டு போங்க, புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு நிறைய ரிசார்ட்ல கேக், பெட் அலங்காரம், ஒரு ஸ்பெஷல் டின்னர்னு ஃப்ரீயா தருவாங்க, சில இடத்துல ஆறு மாசம், சில இடத்துல ஒரு வருஷத்துக்குள்ள ஆன கல்யாணமான்னு அந்த பேப்பர பாத்து தான் தருவாங்க.

ஃப்ளைட் நேரம் தான் எல்லாமே

சீப்ளேன் வெளிச்சம் இருக்கும்போது மட்டும் தான் பறக்கும். மத்தியானம் மூணு, மூணரைக்கு மேல மாலேல லேண்ட் ஆனா அன்னிக்கு சீப்ளேன் கிடைக்காது, ஏர்போர்ட் பக்கத்துல ஹுல்ஹுமாலேல ஒரு நைட் தங்கணும், ரிசார்ட்ல ஒரு நைட் காசு வேஸ்ட். திரும்பும்போதும் அதே, காலைல சீக்கிரம் ஃப்ளைட்னா முந்தின நாளே தீவ விட்டு கிளம்பணும். அதனால ஃப்ளைட்ட முதல்ல முடிவு பண்ணுங்க, அந்த டைமுக்கு எந்த டிரான்ஸ்ஃபர் ஒத்து வருதோ அந்த ரிசார்ட்ட எடுங்க. நிறைய பேர் இன்ஸ்டால வில்லா பாத்து ரிசார்ட்ட புடிச்சுட்டு அப்புறம் ஃப்ளைட் தேடறாங்க, தலைகீழ் வேலை. திருவனந்தபுரத்துல இருந்து மாலே சும்மா ஒன்றரை மணி நேரம் தான், தெக்கத்தி ஆளுங்க சென்னை வரைக்கும் போகாம அங்கருந்து இருக்கான்னு பாருங்க. கொழும்பு வழியா ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ்லயும் போலாம்.

மூணு, நாலு நைட் தான் லீவுன்னா ஸ்பீட்போட் தூரத்துல இருக்கற ரிசார்ட் எடுங்க, வடக்கு மாலே, தெற்கு மாலே அடோல் ரெண்டுலயும் நிறைய இருக்கு, ஸ்பீட்போட் ராத்திரியும் ஓடும். சீப்ளேன்ல மேல இருந்து பாக்கற காட்சி அருமை தான், இல்லங்கல, வெறுங்கால்ல ஃப்ளைட் ஓட்டற பைலட்ட வேற எங்க பாப்பீங்க. ஆனா லவுஞ்ச்ல ரெண்டு மூணு மணி நேரம் உக்கார வெக்கறதும் உண்டு, நடுவுல வேற தீவுல இறக்கி ஏத்துவாங்க, லக்கேஜ் 20 கிலோ, கைப்பை 5 கிலோ, மேல போனா கிலோ கணக்குல காசு.

இன்னொரு குட்டி விஷயம், மாலத்தீவு நேரம் நம்மள விட அரை மணி பின்னாடி. சில ரிசார்ட் வெளிச்சம் ஜாஸ்தி கிடைக்கட்டும்னு தீவுக்குள்ள மட்டும் கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி வெச்சிருப்பாங்க. ஃபோன் ஒரு டைம் காட்டும், ரிசப்ஷன் ஒரு டைம் காட்டும், போட் நேரம் சொல்லும்போது எந்த டைம்னு கேட்டுக்கோங்க.

பெட்டில என்ன வெக்கக்கூடாது

சரக்கு பாட்டில் கூடவே கூடாது. ஏர்போர்ட் ட்யூட்டி ஃப்ரீல வாங்கினது கூட மாலே கஸ்டம்ஸ் ஸ்கேன்ல எடுத்து வெச்சுக்குவாங்க, ரசீது வாங்கிட்டு திரும்பும்போது கேட்டு வாங்கிக்கணும். பன்றிக்கறி ஐட்டம் கூடாது. வேப் (எலக்ட்ரானிக் சிகரெட்) 2024 கடைசில இருந்து டூரிஸ்டுக்கும் சேத்தே தடை. வழிபடற சிலைகளும் தடை லிஸ்ட்ல இருக்கு, புதுசா கல்யாணம் ஆனவங்க பெட்டில அம்மா ஆசையா ஒரு குட்டி பிள்ளையார வெச்சு அனுப்புவாங்க, அத வீட்லயே விட்டுட்டு போங்க.

எடுத்துட்டு போக வேண்டியது: மூணு சதுர பின் உள்ள பிளக்குக்கு அடாப்டர், தொப்பி, நல்ல சன்ஸ்க்ரீன் (அங்க விலை கண்ண கட்டும்), ரெண்டு பேருக்கும் ஃபுல் கை ஸ்விம் டீஷர்ட், பாறை குத்தாத ரப்பர் ஷூ, டாக்டர் எழுதி குடுத்த மருந்துன்னா சீட்டோட. ஸ்பீட்போட் ஆட்டத்துல வாந்தி வர்ற ஆளுன்னா டாக்டர கேட்டு ஒரு மாத்திரை, போட் ஏறறதுக்கு முன்னாடியே போடணும், ஆட ஆரம்பிச்ச அப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல. நகை வேணாம், மோதிரமும் மெட்டியும் கடல்ல கழண்டு போனா போனது தான். புது மஞ்சக்கயிறு உப்புத்தண்ணில சாயம் போகும், வெள்ளை டிரஸ் போட்டு போட்டோ எடுக்கற பிளான் இருந்தா இத மனசுல வெச்சுக்கோங்க.

காசு விஷயம், கார்டுல இன்டர்நேஷனல் யூசேஜ பேங்க் ஆப்ல ஆன் பண்ணிட்டு கிளம்புங்க, நிறைய கார்டுல அது ஆஃப்ல தான் இருக்கும். டாலர் எல்லா ரிசார்ட்லயும் செல்லும், அந்த ஊர் ருஃபியா மாத்தவே தேவையில்ல. டிப்ஸுக்கு ஒண்ணு, அஞ்சு டாலர் நோட்டா கேட்டு வாங்குங்க, ஏர்போர்ட்ல இல்ல, ஊர்லயே. டிராவல் இன்சூரன்ஸ் கண்டிப்பா போடுங்க, தீவுல இருந்து ஒருத்தர ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகவே போட்டோ சீப்ளேனோ வேணும்.

தண்ணி மேல வீடா, மணல் மேல வீடா

எல்லாருக்கும் ஆசை வாட்டர் வில்லா மேல தான். நான் கொஞ்சம் எதிர்ப்பேச்சு பேசறேன். நீச்சல் தெரியாத ஜோடின்னா வாட்டர் வில்லா படி இறங்கினா ஆழம் எவ்ளோன்னு தெரியாம பயந்துக்கிட்டு மேலயே உக்காந்திருப்பீங்க, காத்து அடிக்கற சீசன்ல ராத்திரி முழுக்க கீழ தண்ணி மோதற சத்தம், சாப்பிட போக நீளமான மரப்பாலத்துல வெயில்ல நடக்கணும். பீச் வில்லால கதவ தொறந்தா மணல், முட்டி அளவு தண்ணில மணிக்கணக்கா கெடக்கலாம், விலையும் கம்மி. ரெண்டும் வேணும்னா கடைசி ஒரு நைட் மட்டும் வாட்டர் வில்லான்னு பிரிச்சு கேளுங்க, நிறைய ரிசார்ட் ஒத்துக்கும், பெட்டிய அவங்களே மாத்தி வெச்சுடுவாங்க. எதுவா இருந்தாலும் சூரியன் மறையற பக்கமான்னு கேளுங்க.

ஸ்நார்க்கெலிங், அதாவது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி தண்ணி மேல மிதந்துக்கிட்டே கீழ பாக்கறது, அத பண்ணாம வந்துடாதீங்க, அந்த ஊரோட உண்மையான சொத்து தண்ணிக்கு அடில தான் இருக்கு. தீவ ஒட்டியே நல்ல பவளப்பாறை இருக்கான்னு புக் பண்ணும்போதே கேளுங்க, அது இல்லாத தீவுன்னா ஒவ்வொரு தடவையும் காசு குடுத்து போட்ல போகணும். நீச்சல் தெரியலன்னாலும் லைஃப் ஜாக்கெட் போட்டுட்டு கைடு கூட போலாம். முதல் நாள் இடுப்பளவு தண்ணில மாஸ்க் போட்டு மூச்சு விட்டு பழகுங்க. மாஸ்க் சைஸ் பாக்கறது ஈஸி, பின்னாடி வார் மாட்டாம மூஞ்சில வெச்சு மூக்கால லேசா இழுங்க, கீழ விழாம ஒட்டிக்கிட்டா அது உங்களுது. மீசை வெச்ச அண்ணன்மாருக்கு ஒரு செய்தி, மீசை வழியா தண்ணி உள்ள ஏறும், மூக்குக்கு கீழ மேல் ஓரத்த மட்டும் கொஞ்சம் ட்ரிம் பண்ணிட்டு போங்க, மொத்தமா எடுக்க சொல்லல.

குட்டி சுறா கரை பக்கமே சுத்தும், கருப்பு துடுப்பு நுனி உள்ளது, சீண்டாம இருந்தா அது உங்கள கண்டுக்காது. டைட்டன் ட்ரிகர் ஃபிஷ்னு ஒண்ணு இருக்கு, முட்டை போட்டிருந்தா துரத்தி கடிக்கும், சுறாவ விட அதுக்கு தான் நான் பயப்படுவேன். பவளப்பாறை மேல நிக்காதீங்க, தொடாதீங்க. நீரோட்டம் எந்தப்பக்கம்னு டைவ் சென்டர்ல கேட்டுட்டு இறங்குங்க. முதுகும் கெண்டைக்காலும் தண்ணில இருக்கும்போது தெரியாமயே கருகிடும், நம்ம கலருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்காதீங்க, பூமத்திய ரேகை வெயில். ஸ்கூபா (காத்து சிலிண்டர் மாட்டி ஆழத்துக்கு போறது) ட்ரை பண்றதா இருந்தா முதல் ரெண்டு நாள்லயே முடிச்சுடுங்க, டைவ் பண்ணி 18-ல இருந்து 24 மணி நேரத்துக்கு ஃப்ளைட் ஏறக்கூடாது, சீப்ளேனும் அதுல சேத்தி.

போட்டோகிராஃபர் ஒருத்தர் வந்து ஃப்ரீ ஷூட்னு சொல்வார், எடுக்கறது தான் ஃப்ரீ, ஒவ்வொரு போட்டோவும் வாங்க காசு. போய் போஸ் குடுங்க, புடிச்ச ஒண்ணு ரெண்டு மட்டும் வாங்குங்க. மணல்ல மெழுகுவத்தி ஏத்தி வெக்கற டின்னரும் பேக்கேஜ்ல இருக்கான்னு கேக்காம உக்காராதீங்க.

கிளம்பறதுக்கு முந்தின நைட்டே ரிசப்ஷன்ல பில் பிரிண்ட் கேளுங்க, காலைல போட் நிக்கும்போது எல்லாரும் ஒரே கவுன்டர்ல முட்டுவாங்க, அப்ப ஒரு ஐட்டம் தப்புன்னு சொல்லி சண்டை போட முடியாது. செக் அவுட் பெரும்பாலும் 12 மணி, போட் சாயங்காலம்னா அது வரைக்கும் சாப்பாடும் ட்ரிங்க்ஸும் உண்டா, குளிக்க ரூம் தருவாங்களான்னு கேட்டு வெச்சுக்கோங்க, சில இடத்துல 12 மணிக்கே ஆல் இன்க்ளூசிவ் அடையாளமா கைல கட்டின பட்டைய வெட்டிடுவாங்க. பெட்டி கட்டும்போது பீச்ல பொறுக்கின பவளத்துண்டு, சங்கு ஏதாவது உள்ள போயிருக்கான்னு பாத்து எடுத்து போட்டுடுங்க, பவளம் ஊர விட்டு வெளிய கொண்டு போறது அங்க சட்டப்படி தப்பு, ஏர்போர்ட் ஸ்கேன்ல மாட்டும்.